டேபிள் தகராறு: கேள்வி-பதில்

கே: ஆயிரம் வரிசை டேபிள். குரோமில் ஒரு அகலம், சஃபாரியில் வேறு அகலம். ஏன்?

ப: நீங்கள் அகலம் சொல்லவில்லை, அவை தாங்களே அளந்துகொண்டன. 'ஆட்டோ' முறையில் எப்படி அளப்பது என்பதை சிஎஸ்எஸ் 2.1 கட்டாயமாக்கவில்லை. 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்டு' போட்டு, டேபிளுக்கும் முதல் வரிசையின் செல்களுக்கும் அகலம் கொடுங்கள். மற்ற 999 வரிசைகளைப் பார்க்காமலே கணக்கு முடியும். வேகம் இனாம்.

கே: தலைப்பை 'ஸ்டிக்கி' ஆக்கினேன். எழுத்து நிற்கிறது, கோடு ஓடிவிடுகிறதே?

ப: 'பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ்' என்றால் கோடு இரண்டு செல்லுக்கும் பொதுச்சுவர். நீங்கள் இடம் மாறினால் பொதுச்சுவர் கூட வருமா? 'செபரேட்' ஆக்கி, 'பார்டர்-ஸ்பேசிங்' 0 வைத்து, கோட்டை 'டிஹெச்'சுக்கே எழுதிக் கொடுங்கள்.

கே: எனக்குத் தலைப்பே நிற்கவில்லை!

ப: 'டாப்: 0' இருக்கிறதா? இருந்தால், வெளியே சுற்றியுள்ள டிவ்களில் 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' தேடுங்கள். தலைப்பு ஜன்னலை விட்டுவிட்டு அந்த டிவ்வோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'டிஹெட்'டில் போட்டிருந்தால், 2021இல் வந்த 91க்கு முந்தைய குரோமில் பலிக்காது. 'டிஹெச்'சில் போடுங்கள்.

கே: பக்கம் முழுக்க 18 பிக்சல் எழுத்து. டேபிளுக்குள் மட்டும் 16?

ப: முதல் வரியில் 'டாக்டைப்' இல்லை, சரிதானே? அது இல்லாவிட்டால் பிரவுசர் 'குவிர்க்ஸ் மோடு'க்குப் போய்விடும். அங்கே 'பாடி'யின் எழுத்தளவு டேபிளுக்குள் இறங்காது.

கே: ஊர்ப் பெயரால் நெடுவரிசை வீங்குகிறது. 'ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்' போட்டும் அசையவில்லை.

ப: குறைந்தபட்ச அகலம் கணக்கிடும்போது 'பிரேக்-வேர்ட்' சொல்லை முழுசாகவே எடுத்துக்கொள்ளும், 'எனிவேர்' உடைத்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் 'ஸ்ரீவில்லி'க்குப் பிறகுதான் உடையும் என்று உத்தரவாதமில்லை, 'ஸ்ரீவில்லிபுத்' என்றும் நிற்கும். ஊருக்கு மரியாதை வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டுங்கள்.

கே: ஐபோன் குரோமில் பார்த்துவிட்டேன். குரோம் சோதனை முடிந்ததா?

ப: சஃபாரி சோதனை முடிந்தது. நம் ஊர் ஐபோனில் குரோமுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் வெப்கிட் என்ஜின்தான்.

கே: எல்லா பிரவுசரிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி வருமா?

ப: வராது. எழுத்துருவும் ஸ்க்ரோல்பாரும் ஆளுக்கொரு விதம். அகலம், பேடிங், கோடு, வரி உயரம் நான்கையும் நீங்களே எழுதுங்கள். எழுதாமல் விட்டதை பிரவுசர் தன் இஷ்டத்துக்கு நிரப்பும்.

கே: வாடிக்கையாளர் ஒரு பிக்சல் வித்தியாசம் என்கிறாரே?

ப: இரண்டு பிரவுசரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். டேபிளைப் படிக்க வருபவர் ஒன்றோடுதான் வருகிறார்.