சம்பளம் வாங்காத உபாத்தியாயர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஸியாட்டில் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், காலை ஒன்பது மணி சுமாருக்கு ஏதாவது ஒரு பொதுப் பூங்காவுக்குப் போனால், பழைய டென்னிஸ் களத்தின் மேல் புதுக் கோடுகள் போட்டு, ஒன்று இருந்த இடத்தில் நான்கு களங்களை உண்டாக்கிக்கொண்டு, டொக்கு டொக்கென்று அக்கம்பக்கத்து வீட்டார் பல்லைக் கடிக்கும்படி பிக்கிள்பால் என்னும் மட்டைப் பந்தாட்டம் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தைக் காணலாம். இந்தக் கூட்டத்தில் சேரச் சந்தா கிடையாது, சிபாரிசு கிடையாது, வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டியதுமில்லை. மட்டையைக் கொண்டுவந்து வேலியோரத்துத் தாங்கியில் சொருகிவிட்டுக் காத்திருந்தால், முறை வரும்போது முன்பின் அறியாத மூவருடன் சேர்ந்து ஆடலாம். தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் எவருமில்லாத சபை என்று நம்பி உள்ளே பிரவேசிக்கும் புதியவரை, கதவுத் தாழ்ப்பாளிலிருந்து அவர் கையை எடுப்பதற்குள் எதிர்கொண்டு, "முதல் தடவையா?" என்று விசாரிக்கிறவர் ஒருவர் அங்கே தவறாமல் இருப்பார். அவரைப் பற்றித்தான் எழுத உத்தேசம்.

வயது அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவே எங்கேயோ நிற்கும்; வலது முழங்காலில் ஓர் உறை; மடக்கு நாற்காலி ஒன்றும் காப்பிக் குடுவை ஒன்றும் கூடவே வரும். விமானத் தொழிற்சாலையிலோ பள்ளிக்கூடத்திலோ முப்பது வருஷம் பிறருடைய வேலையை மேற்பார்த்து ஓய்வு பெற்றபின், மேற்பார்க்க வீட்டில் மனைவி ஒருத்தி மட்டுமே மிஞ்சியிருக்க, அந்த அம்மாளும் அதற்கு இணங்காமற்போகவே, தம்முடைய சக்தி முழுவதையும் இந்தக் களத்துக்கு அர்ப்பணம் செய்தவர் இவர் என்பது என் அனுமானம். "நான் பயிற்சியாளன் ஒன்றும் அல்ல" என்று சொல்லித்தான் தொடங்குவார். அந்த வாக்கியம் காதில் விழுந்த மாத்திரத்தில், அனுபவசாலிகள் உட்கார நிழல் தேடிப் போய்விடுவார்கள்.

முதற்பாடம் சரித்திரம். 1965-ஆம் வருஷத்துக் கோடையில், ஸியாட்டிலிலிருந்து படகில் அரைமணி சொச்சத்தில் போய்ச் சேரும் பெயின்பிரிட்ஜ் தீவில், பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராக அமர்ந்த ஜோயல் பிரிட்சர்டும் அவருடைய நண்பர் பில் பெல்லும், பொழுது போகாமல் முணுமுணுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காக, பூப்பந்துக் களம் இருந்தும் அதற்கான சாமான்கள் அகப்படாத நிலையில், மேஜைப் பந்தாட்ட மட்டைகளையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒன்றையும் வைத்து இந்த ஆட்டத்தை உண்டாக்கியதும், பார்னி மெக்காலம் என்பவர் பின்னர் வந்து சேர்ந்து விதிகள் வகுக்கத் துணை நின்றதும், வாஷிங்டன் மாகாணம் 2022-இல் இதையே தன் அதிகாரபூர்வமான விளையாட்டாக அங்கீகரித்ததும் மெய்யான சரித்திரமே. ஆனால் வலையை முதலில் ஐந்தடி உயரத்தில் கட்டிப் பிறகு மூன்றடிக்கு இறக்கினார்கள் என்ற கட்டத்தைச் சொல்லும்போது, தோளளவில் வைத்த கையை அவர் மெள்ள மெள்ள இடுப்பளவுக்கு இறக்கிக் காட்டும் பாவனையைப் பார்க்கிறவர்களுக்கு, அன்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் இவர்தானோ என்ற சந்தேகம் உண்டாகும்.

அடுத்தது தாங்கி. வந்த வரிசைப்படி மட்டைகள் நான்கு நான்காக அதில் நிற்க வேண்டும். களம் காலியானால் முன்னால் நிற்கும் நான்கு போக வேண்டும். சட்டம் இவ்வளவுதான். ஆயினும் இதற்குள் எத்தனை அக்கிரமத்துக்கு இடமிருக்கிறது என்பதை அவர் ஒருவரே அறிவார். சிநேகிதனோடு சேர்ந்து ஆடும் ஆசையில் தன் மட்டையை ஒரு துளை தள்ளிச் சொருகிய கல்லூரிப் பையன் ஒருவனை அவர் பிடித்துக்கொண்டு, ஓர் ஆட்டம் தொடங்கிப் பதினோரு புள்ளி எட்டி முடியுமட்டும், பொது ஜன வாழ்வில் வரிசை என்பதன் ஸ்தானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். பையன் மறுவாரம் வேறு பூங்காவுக்குப் போய்விட்டான்.

களத்தில் இறங்கியபின் உபதேசம் குறைவதில்லை. இந்த ஆட்டத்தில் புள்ளியைச் சொல்லாமல் பந்தைப் போடக் கூடாது; இரட்டையர் ஆட்டத்தில் அதையும் நம் கணக்கு, எதிரியின் கணக்கு, போடுகிறவர் முதலாமவரா இரண்டாமவரா என்று மூன்று எண்களாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே "பூஜ்யம், பூஜ்யம், இரண்டு" என்று சொல்லச் சொன்னால், ஆடாத ஆட்டத்தில் இரண்டு எங்கிருந்து வந்தது என்று எந்தப் புதியவரும் திகைக்கத்தான் செய்வார். முதலில் பந்து போடும் கட்சிக்கு அநியாயமான லாபம் சேராதபடி, அந்த ஒரு தடவை மட்டும் இருவரில் ஒருவருக்கே வாய்ப்பு என்பதால் இரண்டாமவரிலிருந்தே எண்ணுகிறார்கள் என்ற விளக்கத்தை அவர் சொல்லத் தொடங்கி, உதாரணத்துக்குப் போய், அதற்கொரு விதிவிலக்குக்கும் போவதற்குள், பக்கத்துக் களத்தார் ஓர் ஆட்டத்தை முடித்து, மட்டையோடு மட்டை தட்டி விடைபெற்றிருப்பார்கள். வலையை ஒட்டி இருபுறமும் ஏழடிக்குக் 'கிச்சன்' என்று ஓர் இடம் உண்டு. "அதற்குள் போகக் கூடாது என்பதில்லை, போய் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று பந்து பறந்து வந்துகொண்டிருக்கும்போதே அவர் கத்துவார். போகலாமா கூடாதா என்று புதியவர் ஒற்றைக் காலில் நின்று யோசிக்கையில் பந்து அவர் மார்பில் பட்டு விழும். "பரவாயில்லை, நல்ல முயற்சி!" இருவருக்கும் நடுவே வரும் பந்தை "உங்களுடையது!" என்று தாராளமாக விட்டுக்கொடுப்பார், அந்தத் தாராளம் மட்டும் பந்து தாண்டிப் போனபின்புதான் பிறக்கும்.

இவ்வளவும் சொன்னபின், அவர் இல்லாவிட்டால் புதியவரின் கதி என்ன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே மூன்றரை என்றும் நான்கு என்றும் தங்களுக்குத் தாங்களே தரம் கட்டிக்கொண்ட ஆட்டக்காரர்கள் பலர் உண்டு. தாங்கியில் சொருகப் போகும் தருணத்தில் பக்கத்து மட்டை புதியவருடையது என்று தெரிந்ததும், இவர்களுக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் எடுக்கும். பூட்ஸ் நாடா அவிழ்ந்துவிடும். மனைவிக்குப் போன் செய்ய நினைவு வரும். யாவரும் வரலாம் என்று பூங்காவாசலில் எழுதி வைத்திருப்பதற்கும் வந்தவர் ஆடுவதற்கும் நடுவே உள்ள தூரம் அந்த வேலியோரத்தில்தான் விளங்கும். அந்த நேரத்தில், பையிலிருந்து உபரி மட்டை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "என்னோடு வாருங்கள்" என்று அழைத்துப் போகிறவர் நம்முடைய உபாத்தியாயர் ஒருவரே. பாடம் கேட்பதுதான் அதற்குக் கட்டணம். அதிகமென்று சொல்ல மாட்டேன்.

கோட்டின் விஷயத்திலும் அவருடைய கருணை பிரசித்தம். நடுவர் இல்லாத ஆட்டமாதலால், தங்கள் பக்கத்தில் விழுகிற பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. புதியவர் அடிக்கும் பந்து கோட்டுக்கு ஒரு சாண் அப்பால் விழுந்தாலும், "உள்ளே! அழகு!" என்று புள்ளியைத் தானம் செய்வார். ஆனால் அவருடைய கண்பார்வைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: மாணாக்கரின் ஆட்டம் தேறத் தேற அது கூர்மையடையும்.

இளமையில் டென்னிஸ் ஆடிப் பழகிய பெண்மணி ஒருத்தி சென்ற கோடையில் இந்தக் களத்துக்கு வந்தாள். முதல் வாரம் சரித்திரம் கேட்டாள். தாங்கியின் தர்மத்தைக் கேட்டாள். அடித்ததெல்லாம் உள்ளே விழுந்தது. ஒரு மாதம் கழிவதற்குள் அவளுடைய பந்து வலையை உரசினாற்போல் வந்து அவர் காலடியில் தணியத் தொடங்கியது. அதே சமயத்தில் கோட்டின் மேல் விழும் பந்துகள் வெளியே விழவும் தொடங்கின. "அடி அழகுதான், ஆனால் முறையல்ல" என்றார். "இவ்வளவு பலம் வேண்டாம், இது பொறுமையின் ஆட்டம்" என்றார். வாயை இறுக மூடிக்கொண்டும் ஒரு நாள் ஆடிப் பார்த்தார். அன்றும் பதினொன்றுக்கு நான்கு என்று தோற்றார்.

மட்டை தட்டி விடைபெற்று, எல்லோரும் மறுமுறைக்காகத் தாங்கியண்டை வந்தார்கள். முன்னணி நான்கில் மூன்றாவதாக அவளுடைய மட்டை நின்றது. நான்காவது துளை காலி. நியாயப்படி அது அவருக்கு உரியது. அவர் சற்று நின்றார். முழங்கால் உறையைச் சரி செய்தார். மேகம் கூடுகிறதா என்று ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு தம் மட்டையை ஒரு துளை தள்ளி, பின்வரும் நான்கில் முதலாவதாகச் சொருகினார்.

அவள் இதைக் கவனித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தன் மட்டையை உருவிக் கொண்டுவந்து அவருடையதற்குப் பக்கத்தில் சொருகினாள். "அம்மா, வரிசை என்று ஒன்று இருக்கிறது" என்று தொடங்கி, மட்டையை இடம் மாற்றுவதால் ஒரு சமூகத்துக்கு விளையக்கூடிய கேடுகளை அவர் விஸ்தரித்துக்கொண்டிருக்கையிலேயே, மூன்றாம் களம் காலியாகிவிட்டது.