திரைச்சுவர்ப் பூச்சு: ஓர் ஆராய்ச்சி

கணினித் திரையில் எழும்பும் சுவருக்கு வர்ணம் பூசுதல், டைல்ஸ் ஒட்டுதல், மரப்பலகை போர்த்துதல் ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரை. சிமெண்ட், பட்டி, பிரைமர், மேஸ்திரி ஆகியோர் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.

வளைந்த பரப்பின்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் வித்தையை 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்து முனைவர் ஆய்வேட்டில் எட் கேட்மல் காட்டினார். அவர் பிற்பாடு பிக்ஸாருக்குப் போனார். வித்தை நம்மூர் 3டி எலிவேஷனுக்கு வந்தது. 2000இல் ஸ்கெட்ச்அப் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருள் வெளியானபின் 'பி' (B) எழுத்தைத் தட்டத் தெரிந்த எவர் கைக்கும் பெயிண்ட் வாளி கிடைத்தது. வரலாறு இவ்வளவே.

ஸ்கெட்ச்அப்பில் முகம் எனப்படும் பரப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கம் இரண்டு. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலம் கலந்த சாம்பல், நடுவே தடிமன் கிடையாது. அஃதேல், முன்பக்கம் திரும்பி நின்றால் என் செய்வது எனின், அதற்கு 'ரிவர்ஸ் ஃபேசஸ்' கட்டளை உண்டு என்க. இதைச் சோம்பி விட்டவர்களின் சுவரை வேறு மென்பொருளில் திறந்தால் சுவரே தெரியாமல் போவதும் உண்டு.

பல முகங்களை ஒன்றாகச் சேர்த்த ஒரு குரூப் முழுவதையும் ஒரே சொடுக்கில் பூசலாம். ஆனால் அதனுள் முன்பே தனியாகப் பூசப்பட்ட முகங்கள் அசைந்து கொடுக்கா. தனிக்குடித்தனம் போனவரிடம் பெரியவர் அதிகாரம் செல்லாததுபோல. நள்ளிரவில் ஒரே ஒரு ஜன்னல் விளிம்பு மட்டும் பழைய நிறத்திலேயே நிற்பதன் காரணம் இதுவே.

எல்லாவற்றிலும் வில்லங்கமானது அளவு. இணையத்தில் எடுத்த ஆத்தங்குடி டைல்ஸ் படம் தன் அகலத்தைத் தானாகச் சொல்லாது, நாம்தான் எழுதவேண்டும். எழுதாவிட்டால், ஒரு சாணுக்குள் அடங்கவேண்டிய பூ வாசற்கதவளவு விரியும். இடத்தில் பொருத்த நான்கு ஊசிகள் உள்ளன: சிவப்பு நகர்த்தும், பச்சை சுழற்றும், நீலம் சாய்க்கும், மஞ்சள் கோணலாக்கும். மஞ்சளை விளையாட்டாகத் தொட்டவர்களுக்கு 'அன்டூ'வே கதி. மரப்பலகையின் கதை வேறு. ஒரே படம் திரும்பத் திரும்ப வருவதால் கணுக்கள் அணிவகுத்து நிற்கும். எந்தக் காட்டிலும் மரம் இப்படி வளர்ந்ததில்லை. வீட்டுக்காரர் இதைக் கவனிப்பதும் இல்லை. அவர் பார்ப்பது போர்டிகோவில் நிற்கும் காரை.

ரெவிட் என்னும் கட்டட வடிவமைப்பு மென்பொருளின் தரப்பார் இதையெல்லாம் ஏளனம் செய்வர். அவர்கள் சுவர் செங்கல், பூச்சு என அடுக்கடுக்கானது, தடிமன் உள்ளது. ஆயினும் அங்கும் 'பெயிண்ட்' கருவி இருக்கிறது. பாதிச் சுவருக்கு மட்டும் டைல்ஸ் வேண்டுமெனில், 'ஸ்பிளிட் ஃபேஸ்' கொண்டு முகத்தைப் பிளந்து பூசுகிறார்கள். அந்தப் பூச்சுக்கும் தடிமன் இல்லை. தடிமன் அற்றதற்குக் கணக்கு உண்டோ எனின், உண்டு: மெட்டீரியல் டேக்ஆஃப் அட்டவணையில் அதன் பரப்பு ஏறிவிடும். பெயிண்ட் கடைக்காரருக்கு அது போதும். ஆகவே ஏளனம் செல்லாது என்பதே எம் தீர்ப்பு.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: திரையில் பார்த்த டைல்ஸுக்குக் கடையில் முன்பணம் கொடுக்குமுன், படத்தில் அதற்கு என்ன அளவு போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.