இன்னும் ரெண்டு மாசம் கன்னே குடிக்கட்டும்

பிள்ளைக்குப் பல்லு முளைக்கிறதுக்குள்ள ஊர்க்காரங்களுக்கு நாக்கு முளைச்சிடும் தாயி. உன் பையனுக்கு இப்பத்தான் பத்து மாசம். அதுக்குள்ள டப்பாப் பாலை நிறுத்து, மாட்டுப் பாலுக்கு மாத்துன்னு தெருவே கூடித் தீர்ப்பு சொல்லிடுச்சாம். நீயும் சொம்பைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறே. வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பினா எங்க ஊட்டுக் கெழவி அடுப்படியிலருந்தே மொறைப்பா. மொறைக்கட்டும். திருப்பித்தான் அனுப்பப் போறேன். காரணத்தைக் கேட்டுட்டுப் போ.

பால் யாவாரம் தெரியாத கெழவன்னு நெனைச்சிடாதே. எங்க பழைய சித்தூர் ஜில்லாக்காரனுக்குப் பால் விக்கிறதுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். 1992ல ஹெரிடேஜ் கம்பெனி ஆரம்பிச்ச நாராவாரிப்பள்ளிக்காரர் முதலமைச்சராவே ஆயிட்டார். எனக்கு இந்தக் கட்டுத்தறி மிச்சம். அதனால பாலைப் பத்தி நான் சொன்னா அதுல லாபக் கணக்கு இருக்கும்னு நீ சந்தேகப்படலாம். லாபக் கணக்கு பாத்தா உன் சொம்பை ரொப்பி இல்ல அனுப்பியிருப்பேன்?

உன் மாமியார் என்ன சொன்னாங்களாம்? "நாலு பிள்ளைங்களையும் மாட்டுப் பாலுல தண்ணி ஊத்தித்தான் வளத்தேன், இன்னா கொறைஞ்சிப் போச்சு?" நாயமான கேள்வி. நாலு பேரையும் சின்ன வயசிலருந்து பாத்தவன் நான். அதுல ஒருத்தன்தான் உன் ஊட்டுக்காரன். அதுக்கு மேல நான் வாயைத் தொறக்கல. ஆனா அந்தக் காலத்துப் பால் கணக்கு எனக்குத் தெரியும். பால்காரன் ஒரு தரம் தண்ணி ஊத்துவான், ஊட்டுல ஒரு தரம் ஊத்துவாங்க. பிள்ளை குடிச்சது பாதி பாலாத்துத் தண்ணி. எல்லாப் பிள்ளைங்களும் பொழைச்சி வந்த காலமும் இல்ல அது. பொழைச்ச நாலு பேர் கண்ணு முன்னால நடமாடுறாங்க, போன பிள்ளைங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல.

மாட்டுப் பால்ல இன்னா குத்தம்னு கேக்குறே. ஒரு குத்தமும் இல்ல, கன்னுக்குட்டிக்கு அதை மிஞ்சின பால் கெடையாது. காலையில பால் சென்டருக்குப் போனா, சின்னக் கிண்ணத்துல பாலை மொண்டு மெஷினுக்கடியில வெப்பான். ஃபேட் இவ்ளோ, அது போக மிச்சச் சத்து எஸ்.என்.எஃப். இவ்ளோன்னு நம்பர் ஓடும். சீட்டைக் கிழிச்சிக் கையில குடுப்பான். அந்தச் சீட்டு கன்னுக்கு எழுதின சீட்டு. பொறந்த ரெண்டு மாசத்துக்குள்ள கன்னு எடை ரெண்டு பங்காயிடும். மனுசப் பிள்ளைக்கு அதுக்கு நாலஞ்சு மாசம் வேணும். அதனாலதான் 100 மில்லி மாட்டுப் பால்ல புரதம் மூணு கிராமுக்கு மேல, தாய்ப்பால்ல ஒரு கிராம் சொச்சம். உப்புச் சத்தும் மாட்டுப் பால்ல ஜாஸ்தி. ஒடம்புக்கு வேண்டாத மிச்சத்தை யார் வெளிய தள்றது? உன் பையனோட சிறுநீரகம். அது இன்னும் வேலை கத்துக்கிற வயசுல இருக்குது. நம்ம ரேணிகுண்டா வெயில்ல, அதுவும் வயித்தால போற நேரத்துல, அந்தச் சுமைய ஏத்தினா ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் மூத்திரமாவே போயிடும்.

அதை விடப் பெரிய சங்கதி இரும்புச் சத்து. என் மாட்டுப் பால்ல எல்லாம் இருக்குது, இரும்பு மட்டும் இல்ல. ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் தேறினாலே அதிகம். இருக்கிற கொஞ்சமும் ஒடம்புல ஒட்டாது. வேற சாப்பாட்டுல வர்ற இரும்பையும் பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சேந்து வழி மறிச்சிடும். ஒரு வயசுக்குள்ள நிறையப் பால் ஊத்தினா சில பிள்ளைங்களுக்குக் குடல்லருந்து கண்ணுக்குத் தெரியாம ரத்தமும் கசியும். பையன் வெளுத்துக்கிட்டே வருவான். பக்கத்து ஊட்டுக்காரி "நல்ல கலரு"ன்னு திருஷ்டி சுத்திப் போடுவா. 2019லருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற இந்தியப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேருக்குத் திருஷ்டி சுத்த மிளகா எங்க போறது?

டப்பாவும் மாட்டுப் பால்தானேன்னு மடக்குவே. மடக்கு. அது மாத்திக் கட்டின பாலு. புரதத்தைக் கொறைச்சி, உப்பைக் கொறைச்சி, இரும்பைச் சேத்து, கன்னுப் பாலைப் பிள்ளைப் பாலாக்கப் பாடுபட்டிருக்கான். எருமைப் பால்லருந்தே குழந்தைப் பவுடர் செய்யலாம்னு மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவு ஆராய்ச்சி ஆளுங்க கண்டுபிடிச்சிக் குடுத்து, 1960ல அமுல்காரன் போட்டான். அப்பறம் கொழுகொழுன்னு எவனைப் பாத்தாலும் "அமுல் பேபி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சோம். இப்ப 1992 சட்டப்படி டப்பா மேல குழந்தை படம் போடக் கூடாது, விளம்பரமும் கூடாது. தாய்ப்பால்தான் உசத்தின்னு அவன் டப்பாவுல அவனே எழுதியாவணும். என் கேன் மேல "எதிர் ஊட்டுப் பால் இதைவிட நல்லது"ன்னு என்னை எழுதச் சொன்னா எழுதுவேனா? அந்தச் சட்டம் எழுதின புண்ணியவான் பிள்ளை பெத்தவனாத்தான் இருப்பான்.

உன் மாமனாருக்குக் கழுதைப் பால் பைத்தியம். சித்தூர் தெருவுல கழுதையை ஓட்டிக்கிட்டு ஒருத்தன் வருவான், சங்கு அளவு கறந்து குடுத்துட்டு என் அரை லிட்டர் காசை வாங்கிக்கிட்டுப் போவான். அதைக் குடிச்சா கொரல் வளம் வருமாம். கழுதை பொறந்ததிலருந்து அதைத்தானே குடிச்சிது, கொரலைக் கேட்டியா? ஒண்ணு சொல்லணும்: கழுதைப் பால்ல புரதம் கம்மி, அந்த மட்டுக்கு அது தாய்ப்பாலுக்குக் கிட்டத்துல வரும். அதுக்காகக் காய்ச்சாத பச்சைப் பாலை, தெருப் புழுதியில நின்னு கறந்ததை, பச்சைப் பிள்ளை வாயில ஊத்தணுமா? வழியில வர்ற காய்ச்சல் எல்லாத்துக்கும் அது வெத்தலை பாக்கு வெச்சி அழைக்கிற மாதிரி.

அப்பறம் புங்கனூர் மாடு. நம்ம பழைய ஜில்லாக் குட்டை மாடு, மூணு அடி உயரம் வந்தா பெரிசு. பலமநேர் ஆராய்ச்சிப் பண்ணையில அந்த இனத்தைக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. 2024 பொங்கலுக்கு டெல்லியில பிரதமர் தன் ஊட்டுல அதுங்களுக்குத் தீனி குடுத்தாரு, அன்னையிலருந்து பணக்காரன் ஊட்டுத் தோட்டத்துக்கெல்லாம் புங்கனூர் மாடு வேணும். வெண்ணெய்ச் சத்து ஜாஸ்தின்னு அந்தப் பாலுக்கு ஒரு பேரு உண்டு, ரொம்ப சரி. பத்து மாசத்துப் பையன் நெய் உருக்கி விக்கப் போறானா? மாடு குட்டையா இருந்தா பால் பிள்ளைக்கு ஏத்த பாலாயிடாது. மாட்டுப் பால் மாட்டுப் பால்தான்.

சரி, எப்பத்தான் மாத்தறது? முதல் பொறந்த நாள் தாண்டட்டும். குழந்தை டாக்டருங்க சொல்றது அதுதான். மோர், தயிர், சோத்துல ஒரு கரண்டி பால், இதெல்லாம் ஆறு மாசம் முடிஞ்சப்பறம் சாப்பாட்டோட போவலாம், அதுக்குத் தடையில்ல. டம்ளர் டம்ளரா ஊத்தறதுதான் ஆவாது. இடையில ஒரு சேதி: உலக சுகாதார நிறுவனம் 2023ல போட்ட அறிக்கையில, தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு ஆறு மாசத்துலருந்து பதினோரு மாசம் வரைக்கும் டப்பாப் பாலும் குடுக்கலாம், மாட்டுப் பாலும் குடுக்கலாம்னு சொல்லியிருக்குது. ஆக டப்பா வாங்கக் காசில்லாதவ பயந்து சாவ வேணாம். இரும்புக்கு வேற வழி தேடிக்கணும், அவ்ளோதான். நீ வாங்கிக்கிட்டுதானே இருக்கே? ரெண்டு மாசத்துக்கு இன்னா அவசரம்? நான் கேன் கேனா ஊத்தின சித்தூர் டைரியை 2002ல மூடினாங்க. 2023ல அமுலை வெச்சி மறுபடி தெறக்கறோம்னு பூஜை போட்டாங்க. டைரியே இருபது வருசம் பாலுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு, உன் பையன் ரெண்டு மாசம் இருக்க மாட்டானா?

ஒரு வயசு தாண்டினதும் இன்னொரு கும்பல் வரும். டப்பாவுல மூணாம் நம்பர், நாலாம் நம்பர்னு போட்டு, மூளை வளரும், ஒசரம் வளரும்னு காதுல ஓதும். காது குடுக்காதே. ஒரு வயசுக்கு மேல மாட்டுப் பாலே போதும், அந்தப் பவுடர் தேவையில்லன்னு அதே 2023 அறிக்கையில இருக்குது. அன்னைக்கு நீ சொம்பை எடுத்துட்டு வந்தா நான் ரொப்புவேன். அரை லிட்டருக்கு மேல ஒரு நாளைக்குக் குடுக்காதே, எனக்கு நட்டம் பரவாயில்ல. தண்ணி கலக்காதே, சக்கரை போடாதே, நல்லாப் பொங்கக் காய்ச்சு. பாக்கெட்டுப் பால் வாங்கினா டபுள் டோண்டு பக்கம் போவாதே. ரெண்டு வயசு வரைக்கும் பிள்ளைக்குக் கொழுப்பு வேணும், உன் ஊட்டுக்காரனுக்குத்தான் வேணாம். ஒரு வேளை டப்பா, ஒரு வேளை மாட்டுப் பால்னு கொஞ்சம் கொஞ்சமா மாத்து. நாலு நாளைக்கு மலம் கெட்டியாப் போவும், அதுக்காக விளக்கெண்ணெயைத் தூக்கிக்கிட்டு ஓடாதே. தடிப்பு வந்தாலோ, வாந்தி விடாம இருந்தாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ எங்கிட்ட வராதே, டாக்டர்கிட்ட ஓடு. கொறை மாசத்துப் பிள்ளைன்னா மாத்தறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேக்கணும். உனக்கே பால் கொஞ்சம் ஊறிக்கிட்டிருந்தா ரெண்டு வயசு வரைக்கும் அதையும் விடாதே, அதுக்கு நான் போட்டி கெடையாது.

அந்தப் புட்டியையும் அப்பவே பரண்ல போட்டுடு. ராத்திரி வாயில புட்டியோட தூங்கினா முளைச்ச நாலு பல்லும் சொத்தையாயிடும். பாலாடை இல்லாத ஊடா உன்னுது? இல்லன்னா சின்ன டம்ளர்ல குடு, பாதியைச் சட்டையில ஊத்திக்குவான், ஊத்திக்கட்டும்.

பால்ல வயித்தை ரொப்பிட்டு, "பையன் சோறே திங்க மாட்றான்"னு எங்கிட்ட அழுவாதே. பால் தொட்டுக்கிற சாமான், சாப்பாடு வேற. நம்ம சீமையில பொறந்துட்டுக் கேப்பங்கூழுக்கு ஆலாப் பறக்கணுமா? கேப்பையில சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல, என் பாலைவிட ரெண்டு பங்குக்கு மேல. முட்டை, பருப்பு, முருங்கைக் கீரை, ஆகும்னா ஆட்டு ஈரல், எல்லாத்தையும் நசுக்கி ஊட்டு. அங்கன்வாடியில குடுக்கிற பாலாமிர்தம் பாக்கெட்டை உன் மாமனார் காப்பிக்குத் தொட்டுக்கிறதா கேள்வி, அதைப் பிடுங்கிப் பையனுக்குக் குடு. ஆறு மாசம் தாண்டின பிள்ளைக்கு வாரத்துக்கு ரெண்டு தரம் ஒரு மில்லி இரும்பு மருந்துன்னு சர்க்கார் திட்டமே இருக்குது. ஆஷா அம்மாவைக் கேளு. பாட்டிலை அலமாரியில அடுக்கி வெச்சிட்டுப் பேரு வாங்காதே.

திருமலைக்கு எப்பப் போறீங்க? மொட்டை போடணும்னு உன் மாமியார் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஒரு வயசுக்குள்ள கைப்பிள்ளை இருந்தா அப்பன் ஆத்தாளைச் சுபதம்ங்கிற தனி வாசல் வழியா விடுறாங்க, பொறந்த சர்ட்டிபிகேட்டும் உங்க ஆதாரும் காட்டணும். பொறந்த நாள் முடிஞ்சிடுச்சின்னா எல்லாரையும் போல கியூவுலதான் நிக்கணும், அங்க பிள்ளைங்களுக்குச் சூடா பால் குடுப்பாங்க. பாத்தியா, ஏழுமலையான் கணக்கும் டாக்டர் கணக்கும் ஒரே தேதியில வந்து நிக்குது. அதனால இந்த மாசமே நாளைப் பாத்துக் கெளம்பு. சுபதம் உனக்காகக் காத்திருக்காது. என் மாடு காத்திருக்கும், லிட்டர் காசை மட்டும் முன்கூட்டியே குடுத்துட்டுப் போ.