கடிகாரம் வேண்டாத சிப்

கே: கடிகாரத் துடிப்பே இல்லாமல் ஒரு சிப் எப்படி ஓடும்?

ப: கேட்டுக் கேட்டு ஓடும். அனுப்பும் சுற்று ‘தரவு தயார்’ என்று ஒரு கம்பியை உயர்த்தும். வாங்கும் சுற்று ‘எடுத்துக்கொண்டேன்’ என்று இன்னொன்றை உயர்த்தும். அந்தப் பதில் வராமல் அடுத்த தரவு கிளம்பாது.

கே: இதை எழுத, சுற்றுகளை விவரிக்கும் வெரிலாக் மொழி போதாதா?

ப: எழுதலாம், கண் பிதுங்கும். ஒவ்வொரு கம்பியையும் நாமே ஏற்றி இறக்கவேண்டும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். மாறாக, டோனி ஹோர் 1978இல் வெளியிட்ட சிஎஸ்பி என்ற குறியீட்டு முறையில் தனித்தனிச் செயல்முறைகள் உண்டு. அனுப்புபவரும் வாங்குபவரும் இருவருமே வந்தால்தான் பரிமாற்றம். கம்பிகளின் அத்தனை ஏற்ற இறக்கமும் அங்கே ஒரே வரி.

கே: காகிதத்தில் சரி. சிப் வந்ததா?

ப: வந்தது, 1989இல். கால்டெக்கில் அலெய்ன் மார்ட்டின் குழு, சிஎஸ்பி வழிவந்த சிஎச்பி மொழியில் ஒரு 16 பிட் செயலியை எழுதி, அந்த நிரலையே படிப்படியாக உருமாற்றிச் சுற்றாக்கியது. திரவ நைட்ரஜனில் குளிர்வித்தபோது செயலி தானாகவே வேகமெடுத்தது. குளிரில் டிரான்சிஸ்டர்கள் விரைந்தன, பதில்கள் சீக்கிரம் வந்தன, அவ்வளவுதான். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இதுவே. பிலிப்ஸின் டாங்ரம், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பால்சா ஆகிய மொழிகளும் இதே குடும்பம்.

கே: எனக்குத் தெரிந்தது கோ மொழி மட்டும். அதில் மாதிரி செய்யலாமா?

ப: தாராளமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாக ஓடும் ஒரு கோரூட்டீன், நடுவே இருவரும் வந்தால்தான் பரிமாறும், பஃபர் இல்லாத சேனல்.

கே: மாதிரி ஓடினால் சிப்பும் ஓடுமா?

ப: அவசரப்படாதீர்கள். எதற்குப் பின் எது என்பதை மாதிரி காட்டும். எத்தனை நானோ செகண்ட் என்பதைக் காட்டாது. இரண்டு கோரிக்கைகள் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் வந்தால் எது முதல் என்று தீர்மானிக்கும் ஆர்பிட்டர், நிஜச் சுற்றில் சற்று நேரம் முடிவெடுக்க முடியாமல் தத்தளிக்கக்கூடும். கோவில் அந்த வேலையைச் செய்யும் செலக்ட் கட்டளை ஒன்றைப் பொறுக்கிவிட்டுப் போய்விடும். அந்தத் தத்தளிப்பு உங்கள் கண்ணிலேயே படாது.

கே: அப்படியானால் மாதிரியால் என்ன பயன்?

ப: எல்லாரும் ஒருவருக்கொருவர் காத்து உறைந்துபோகும் டெட்லாக்கைப் பிடிக்க. சுற்றுகளை வளையமாகக் கோத்து, எல்லாரையும் ‘முதலில் அனுப்பு, பிறகு வாங்கு’ என்று எழுதிப் பாருங்கள். எல்லாக் கோரூட்டீன்களும் தூங்குகின்றன என்று கோ நிரலை நிறுத்திவிடும். சிலிக்கானிலும் இதே கதிதான்: எல்லாக் கட்டங்களும் நிரம்பிய வளையத்தில் தரவு நகர இடமில்லை. ஒரே ஒருவரை மட்டும் ‘முதலில் வாங்கு’ என்று மாற்றுங்கள். ஒரு கட்டம் காலியாகும், வளையம் சுற்றும்.