ஊதுற மெஷினுக்குச் சரக்கு கலப்பது எப்படி?

திருவொற்றியூரில் ஒரு ஷெட்டோ ராயபுரத்தில் ஒரு மாடி அறையோ சும்மா கிடந்தால், அதற்கேற்ற தொழில் ஒன்று இருக்கிறது. குடித்திருக்கிறாரா என்று பார்க்க டிரெய்லர் ஓட்டுநரை ஊதச் சொல்கிறார்கள். அந்த மெஷின் சொல்வது சரியா என்று யார் பார்ப்பது? இவ்வளவு சாராயம்தான் இருக்கிறது என்று முன்பே தெரிந்த காற்றை அதற்குள் ஊதிப் பார்க்க வேண்டும். அந்தக் காற்றைத் தரும் கரைசலைக் கலந்து, சான்றிதழ் ஒட்டி விற்கப்போகிறவர் நீங்கள்.

முதலில் கணக்கு. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயத்தைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மெஷின் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, மூச்சைத்தான் பார்க்கிறது. 2,100 மி.லி. மூச்சில் இருப்பது 1 மி.லி. ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டு அது பெருக்கிச் சொல்கிறது. அந்த 30-க்கு நிகரான மூச்சைச் செயற்கையாக உண்டாக்க, 34 டிகிரியில் வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 0.36 கிராம் எத்தனால் போதும். அரை மில்லிகூட வராது.

எத்தனாலுக்கு எங்கே போவது? 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்தும் மாநிலம் நம்முடையது. ஒரு குவார்ட்டரில் 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் சாராயம். அதாவது 60 கிராம். 160 லிட்டருக்கு மேல் கலக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். அதில் நிறமும் மணமும் கலந்திருக்கிறது, லேபிளில் போட்ட சதவீதத்தை ஆய்வகத் துல்லியத்துக்கு நம்பவும் முடியாது. தூய எத்தனால்தான் வேண்டும், அதற்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். குடிக்க வாங்கினால் கேள்வியில்லை. குடித்தவரைப் பிடிக்க வாங்கினால் விண்ணப்பம், பதிவேடு, சோதனை எல்லாம் உண்டு. இந்த அலைச்சலுக்குப் பயந்து எவரோ கேனில் தருவதை வாங்கினால் அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது அதுதான். இந்த ஒரு வரியில் கேலி இல்லை.

அடுத்து நிறுத்தல். நான்கு தசமம் காட்டும் தராசு வாங்கி, எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். ஒவ்வொரு கண்டெய்னர் வண்டி போகும்போதும் கடைசி இரண்டு எண்களும் சாமியாடும். பிடித்த எண் வரும்போது எழுதிக்கொள்ளலாம். மூடி திறந்த எத்தனால் ஒரு பக்கம் ஆவியாகும், இன்னொரு பக்கம் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஏறுவதும் இறங்குவதும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்புவது உங்கள் சொந்த பக்தி. அப்படிப் பக்தி இல்லாதவர்கள் தராசைக் கனமான கல்மேடையில் வைத்து, மூடிய சிரிஞ்சில் எடுத்து, தண்ணீருக்கு அடியில் விட்டு, சிரிஞ்சைத் திரும்பவும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

34 டிகிரி சங்கதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு டிகிரி மாறினால் ஆவியில் சாராயம் ஏறக்குறைய 7 சதவீதம் மாறும். கரைசலைச் சூடாக்கும் கருவியில் ஹீட்டர் உண்டு, பெரும்பாலும் குளிரூட்டி கிடையாது. மே மாதம் ஷெட்டே 38-க்குப் போனால் கரைசலும் கூடவே ஏறும், ஆவி கெட்டியாகும். அதை 30 என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தால், நிஜமாகவே வரம்பு தாண்டியவர் கையசைத்துப் போய்விடுவார். ஏசி காற்றுக்கு ஹீட்டர் ஈடுகொடுக்காமல் 33-க்கு இறங்கினாலோ கதை தலைகீழ். 29 இருக்கிற ஆளுக்கு மெஷின் 31 காட்டும். ஒரு டிகிரியில் போவது ஒருவரின் லைசென்ஸ்.

இனிதான் முக்கியச் சரக்கு: சான்றிதழ். வழவழப்பான தாள், ஹோலோகிராம், வட்ட முத்திரை. வாங்குகிறவர் பார்ப்பது தேதியை மட்டும்தான். ஒழுங்கான சான்றிதழில் அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும், இவ்வளவு தூரம் பிசகலாம் என்கிற ஒப்புதல் அது. அதைப் பார்த்தால் வாடிக்கையாளர் மிரளுவார், ஆகவே நீக்கிவிடுங்கள். தேசிய அளவைத் தரத்தோடு உங்கள் அளவு சங்கிலியாக எப்படி இணைகிறது, ஐ.எஸ்.ஓ. 17034 அங்கீகாரம் உண்டா, எத்தனை ஊதலுக்குப் பிறகு கரைசலை மாற்ற வேண்டும் என்கிற வரிகளும் இடத்தை அடைக்கும். பதிலாக, நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தொடங்கியது என்று போடுங்கள். உண்மைதான். உங்கள் மாடி அறைக்கும் அதற்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

புகார் வந்தால்? பழியைப் பழத்தின் மேல் போடுங்கள். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் பேருந்துப் பணிமனையில், பலாச்சுளை தின்ற ஓட்டுநர்களுக்கு மெஷின் சாராயம் காட்டியது. வாயில் தங்கியது கால் மணி நேரத்தில் அடங்கிவிடும், அதுவரை யார் காத்திருப்பது? மெஷினுக்குப் பக்கத்திலேயே சானிடைசர் வைத்திருந்தால் இன்னும் வசதி.

நீங்கள் விற்கிறவர் இல்லை, ஊதுகிறவர் என்றால் இதை மட்டும் செய்யுங்கள். ஊதுமுன் மெஷின் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். புதுக் குழாய் கேளுங்கள். கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் கேளுங்கள். எண்ணில் சந்தேகம் என்றால் வாய் கொப்பளித்து, கால் மணி கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று சொல்லுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தில்.