மூழ்கும் கேமரா, மூழ்காத பணம்

கேள்வி: புதுச்சேரிக்கு டைவிங் போகிறேன். ஃபிலிமில் படமெடுக்க ஆசை. பழைய நீரடி கேமராவை மலிவாக வாங்கலாமா? (ஒரு வாசகர், திருப்பதி)

பதில்: வாங்கலாம். ஆனால் மலிவு என்பதைக் கேமராவின் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதன் ரப்பர் வளையங்களை வைத்துச் செய்யுங்கள். 1963-ல் வந்த நிக்கோனோஸ் நீரடி கேமரா வரிசையின் தயாரிப்பு 2001-ல் நின்றுவிட்டது. இன்று கைமாறுவது எல்லாமே வயதானவை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. காய்ந்து வெடித்த வளையம் அதைத் தாங்காது. பின்கதவு, லென்ஸ் வளையங்களை நீங்களே மாற்றலாம். ஷட்டர் பொத்தானுக்கு அடியில் இருப்பதற்கு மெக்கானிக் வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும். மாடலில், பேட்டரியே கேட்காத நிக்கோனோஸ் 3 என் தேர்வு. 1984-ல் வந்த ஐந்தாம் மாடல் வசதியானதுதான், ஆனால் அதன் எலெக்ட்ரானிக்ஸில் உப்புநீர் புகுந்தால் மீட்பது கடினம்.

'வாளித் தண்ணீரில் சோதித்தால் போதாதா?' என்பீர்கள். வாளியில் தேறியது கடலிலும் தேறும் என்பதற்கு உறுதியில்லை. வாளியிலேயே குமிழி விட்டதை மட்டும் தொடவே தொடாதீர்கள். 'டிஜிட்டல் இருக்க ஃபிலிம் எதற்கு?' என்பவர்களுக்குப் பதில் எளிது: ஒரு ரோலுக்கு 36 படம், தண்ணீருக்குள் ரோல் மாற்ற முடியாது, அதனால் பார்த்துப் பார்த்து எடுப்பீர்கள். ஆழம் 10 மீட்டருக்குள் என்றால், ஒருமுறை பயன்படுத்தும் ஃபியூஜி வாட்டர்ப்ரூஃப் கேமராவே போதும்.