கதை எழுதுவோர் பாலைத் திணையர் என்பது

கதை எழுதும் பழக்கம் உள்ளவர்கள் எல்லோரிடமும் ஒரே புகார்தான்: நேரம் இல்லை. வீட்டில் இருந்தால் கேஸ் சிலிண்டர் வருகிறது; வெளியூர் கிளம்பினால் ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது; இரண்டும் இல்லாத நாளில் துணி ஊறிக்கிடக்கிறது. ஆகவே எழுத்து, பயணம், குடும்பம் மூன்றுக்கும் குறைவில்லாமல் பங்கு பிரித்து ஜனவரி முதல் தேதி ஓர் அட்டவணை போடுகிறார்கள். பொங்கல் கரும்பு தீர்வதற்குள் அட்டவணை தீர்ந்துவிடுகிறது. இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று இதுநாள் வரை நம்பி வந்திருக்கிறோம். அது சரியன்று. நடந்திருப்பது இலக்கணப் பிழை. கதை எழுத்து எந்தத் திணையைச் சேர்ந்தது என்று விசாரிக்காமலே அதற்கு நிலமும் பொழுதும் ஒதுக்கப் போனதால் வந்த வினை. அதைத் திருத்துவதே இவ்வாய்வின் நோக்கம்.

தொல்காப்பியர் முல்லைக்குக் காட்டைக் கொடுத்தார், குறிஞ்சிக்கு மலையை, மருதத்துக்கு வயலை, நெய்தலுக்குக் கடற்கரையை. பாலைக்கு மட்டும் நிலம் கொடுக்கவில்லை. நடுவுநிலைத் திணை என்று ஒரு பெயரையும், நண்பகல், வேனில் என்று இரண்டு பொழுதுகளையும் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு வந்த இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுதான் பாலை என்றார். அதாவது பட்டா இல்லாத திணை. அடுத்தவர் நிலம் கெடும்போது உண்டாவது. கதை எழுத்தும் அப்படித்தான். அதற்கென்று ஒரு நேரம் உலகத்தில் எங்கும் கிடையாது. வெந்நீர் காய்கிற நேரம், தாமதமாக வரும் ரயிலுக்குக் காத்திருக்கிற நேரம், ஆபீஸ் மீட்டிங்கில் மேலாளர் பேசுகிற நேரம் என்று மற்றவற்றின் நேரம் திரிந்துதான் அது உண்டாக வேண்டும். நிலம் இல்லாதவனுக்கு விளைச்சல் ஏது என்று கேட்பார்க்கு அகநானூறே விடை. அதன் 400 பாட்டுகளில் ஒற்றைப்படை எண் கொண்டவை அத்தனையும் பாலை. ஆக 200. மலையும் அருவியும் உடைய குறிஞ்சிக்கு 80. மற்ற மூன்றுக்கும் தலைக்கு 40. சென்ட் நிலம் இல்லாதவன் மகசூலில் பாதியை அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

அந்தப் பாட்டுகளில் தலைவன் என்ன செய்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். பொருள் தேடிப் போகிறான். ஆனால் போகிற இடத்தில் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று பெரிதாகச் சொல்வதில்லை. கொதிக்கிற வழியில் நின்றுகொண்டு வீட்டைப் பற்றித் தன் நெஞ்சோடு பேசுகிறான். இதிலிருந்து இவ்வாய்வு பெறும் துணை விதி: ஊரை விட்டுப் போனவனுக்கே ஊர் எழுத வரும்.

மேல்நாட்டுச் சான்று ஆந்தனி டிரோலப். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். தபால் வேலைக்காக ஊர் ஊராக ரயிலில் போக வேண்டியிருந்ததால், மடியில் வைத்து எழுதத் தோதாக ஒரு பலகை தயார் செய்துகொண்டார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி அப்படி ரயில் பெட்டியில் பென்சிலால் எழுதப்பட்டது. அந்தக் கிறுக்கலைப் பிறகு நல்ல படியாக எடுத்து எழுதியவர் அவர் மனைவி. இலக்கிய வரலாற்றில் இதைவிடக் கடினமான வேலை வேறு உண்டா என்பது தனி ஆய்வுக்கு உரியது. 1871இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்குக் கப்பலில் போனபோது அறையிலேயே ஒரு மேசை அடிக்கச் சொல்லி, எட்டு வாரத்தில் ஒரு நாவலை முடித்தார். அதற்கு முன்பு எகிப்துக்குப் போன கப்பலில் கடல் கொந்தளித்ததால், காகிதத்தை அப்படியே போட்டுவிட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தியெடுக்க ஓடியதாக அவரே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஓடினார், திரும்பி வந்தார், எழுதினார். எகிப்தில் ‘டாக்டர் தார்ன்’ முடிந்தது. மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார். டாக்டர் தார்ன் நடப்பது எகிப்திலா என்றால், இல்லை. இங்கிலாந்தின் ஒரு நாட்டுப்புற மாவட்டத்தில்.

அற்றேல், ஓய்வாக உட்கார்ந்து எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரை என்ன செய்வது என்று ஒரு தடை எழும். சொத்து இருந்தது, ஆபீஸ் இல்லை, ஆற்றங்கரையில் வீடு. ‘மதாம் பொவாரி’க்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டார். நியாயமான தடைதான். ஆனால் அவர் அந்த நாவலைத் தொடங்கியது 1851இல். அதற்குச் சற்று முன்பு வரை கீழை நாடுகளில் சுற்றிக்கொண்டிருந்தார். முக்கியமாக எகிப்தில். பிரமிடுகளைப் பார்த்துத் திரும்பியவர் எழுத உட்கார்ந்தது நார்மண்டிச் சிற்றூரில் புழுங்கும் ஒரு வைத்தியர் மனைவியைப் பற்றி. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே பாலைவனத்தை மிதித்துவிட்டு உள்ளூர்க் கதை எழுதியதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். தள்ளினால் இக்கட்டுரை படுத்துவிடும் என்பதால் தள்ளவில்லை.

தமிழ்ச் சான்றுகள் இன்னும் பக்கத்தில் கிடக்கின்றன. நாஞ்சில் நாடன் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டு எழுதிய முதல் நாவல் முழுக்க நாஞ்சில் நாடு. அதன் பெயர் ‘தலைகீழ் விகிதங்கள்’. ஆய்வின் முடிவையே தலைப்பாக வைத்த நேர்மை வேறு யாருக்கும் வராது. ஆண்டு 1977. சென்னைக்குக் குடிவந்த அசோகமித்திரன் செகந்திராபாத்தைப் பற்றி எழுதிய ‘18வது அட்சக்கோடு’ வெளிவந்ததும் 1977. வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். மூன்றுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் கண்ணில் பட்டதை மறைப்பது ஆய்வு தர்மம் ஆகாது. ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடான் நகரில் இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பி, நாளிதழ் வேலைக்கு நடுவே ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதினார். மதுரையில் இருந்தபடி மேடானை எழுதினார்; நாவலுக்குள் மேடானில் இருக்கும் பாண்டியனோ மதுரைத் தெருக்களை நினைத்துக்கொண்டிருக்கிறான். விதி இங்கே இரண்டு முறை வேலை செய்கிறது.

டிரோலப் தினமும் காலை ஐந்தரை மணிக்கே மேசையில் உட்கார்ந்து எழுதினாரே, அது அட்டவணை இல்லையா என்று இன்னொரு தடை. அட்டவணைதான். ஆனால் அது எதன் நேரம் என்று பார்க்க வேண்டும். தூக்கத்தின் நேரம். தம்மை எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். சொந்த நிலத்துக்குள் நுழைய யாராவது கூலிக்கு ஆள் வைப்பார்களா? ஆக அதுவும் பாலைதான், தூக்கம் திரிந்த பாலை. அவர் கணக்கு, கால் மணிக்கு 250 சொல். இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், இட்லி ஓர் ஈடு வேக 12 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஈட்டுக்கு 200 சொல். ஐந்து ஈடு எடுக்கிற குடும்பத்தில் காலைச் சிற்றுண்டிக்குள் ஆயிரம் சொல் தேறும். தேறாது என்பவர்கள் பெரும்பாலும் அடுப்பருகே நில்லாத ஆண்கள். அவர்கள் இட்லிக்காகக் காத்திருப்பவர்களே ஒழிய, இட்லியைக் காத்திருப்பவர்கள் அல்லர். அந்தக் காவலில் நின்றவர்களுக்குத் தனி அறையும் இல்லை, தனி நேரமும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் குடும்பமும் நடத்தி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையும் நடத்தி, நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். பட்டா கேட்டுக் காத்திருந்தால் பத்துகூடத் தேறியிராது.

உண்மையில் இவ்வாய்வைத் தடுமாற வைப்பவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனார், உப்பளத்தை எழுதினார். மீனவர் கரைக்குப் போனார், மீனவரை எழுதினார். போன இடத்தில் நின்று வீட்டை நினைத்து உருகவில்லை. துணை விதி இவரிடம் செல்லுபடியாகாது. இத்தகைய சங்கடங்களுக்காகவே நம் முன்னோர் புறனடை என்று ஒன்றை வைத்துப் போனார்கள். அம்மையாரை அங்கே மரியாதையோடு அமர்த்திவிட்டு மேலே செல்கிறோம். விதியைவிடப் புறனடை பெரிதாகத் தெரிந்தால் அது படிப்பவர் பார்வையின் குற்றம்.

இனி நடைமுறை. கதை எழுதுகிறவர் லீவு போட்டு, மலையடிவாரத்தில் அறை எடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்து உட்காருவது பாலைக்குப் பட்டா வாங்கும் முயற்சி; பதிவாகாது. ஸ்லீப்பர் பெட்டியின் நடுப்படுக்கை அவருக்குப் பொருத்தம். ரயில்வே விதிப்படி இரவு பத்து மணிக்கு முன்னால் அதை விரிக்க உரிமை இல்லை, காலை ஆறு மணிக்கு மேல் வைத்திருக்கவும் உரிமை இல்லை. விரித்தாலும் நிமிர்ந்து உட்கார முடியாது. பகலில் கீழ்ப்படுக்கைக்காரர் தயவில் ஓரமாக ஒட்டிக்கொண்டு, தொடைமேல் நோட்டையோ கைபேசியையோ வைத்து எழுத வேண்டியதுதான். அப்படி ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர் சீட்டில் இருப்பவர்கள், தொந்தரவு செய்யக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு வரத் தேவையில்லை. முறுக்குப் பொட்டலத்தை நீட்டி, “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று தாராளமாகக் கேளுங்கள். அவர் அதைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்.